பழைய ரச்சற் சாவிகளைச் சுத்தஞ் செய்தலும் திருத்தலும்

நீரிறைக்கும் இயந்திரமும் இருசில்லு உழவு இயந்திரமும் கமத்திற் புகுந்த பின்னர், மண்வெட்டியையும் அரிவாளையும் போலவே சாவிகளும் கமக்காரரின் கருவிகளாயின. அவற்றுள் ரச்சற் சாவி மிகவும் பயனுடையது. சாவியைச் சுரையிலிருந்து எடுக்காமலே கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்துச் சுரையைக் கழற்றவும் இறுக்கவும் இதனால் இயலும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிணற்று நீரை இறைத்துச் செய்கைபண்ணப்படும் சின்னவெங்காயத்தின் வேர் ஆழமாகச் செல்வதில்லை. வெயிற் காலத்தில் இறைப்புத் தவறினாற் பயிர் விரைவில் வாடும். அவ்வேளை இயந்திரம் நின்று, அதனைத் திறக்கும் சாவியும் வழுக்குமாயின் இழப்பு இரட்டிப்பாகும். பாரத்தோடு திருகும்போது சாவி வழுக்கினாற் கை இயந்திரத்தின் இரும்பில் மோதிக் காயமுறவுங் கூடும். வழுக்கும் சாவிகளிற் பல உண்மையிற் பழுதானவை அல்ல; அழுக்கடைந்தவையே. வேலை குறைந்த ஒரு மாலைப்பொழுதில் அவற்றைச் சீர்செய்துவிடலாம்.

சாவியின் அமைப்பு

சாவியின் தலைக்குள் ஒரு பற்சில்லு உண்டு. சொக்கற்றைப் பொருத்தும் சதுரமுனை இதனோடு இணைந்துள்ளது. பற்சில்லின் பற்களில் ஒரு சிறு நாக்கு பதிந்து நிற்கும். நாக்கைப் பற்களின்மேல் அழுத்துவது ஒரு சிறிய சுருள்வில்லாகும். பலவற்றில் வில்லின் நுனியில் ஒரு குண்டும் இருக்கும். கைப்பிடியை ஒரு பக்கம் திருப்ப, நாக்கு பல்லைப் பற்றிச் சுரையைச் சுழற்றும். மறுபக்கம் திருப்ப, நாக்கு பற்களின்மேல் ஏறியிறங்கும். “கிளிக்” என்ற ஒலி அப்பொழுது எழுவதாகும்.

24 பற்களுள்ள சாவியை ஒவ்வொரு முறையும் 15 பாகையாவது அசைத்தல் வேண்டும். 72 பற்களுள்ளதற்கு 5 பாகை போதும். ஆகவே ஒடுங்கிய இடங்களுக்குப் பற்கள் கூடியது ஏற்றது.

கழற்றுதல்

முதலிற் சாவியின் வெளிப்புறத்தைத் துடைத்து, மூடுதகடு எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளதெனப் பார்த்தல் வேண்டும். சிலவற்றில் திருகாணிகளும் சிலவற்றில் வில்வளையமும் இருக்கும். திருகாணியின் வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளியையே பயன்படுத்துக. கறள் பிடித்து இறுகியிருப்பின் சில துளி மெல்லிய எண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தபின் முயலலாம்.

சுளகொன்றில் வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வைத்தே தகட்டைத் திறத்தல் வேண்டும். வில்லும் குண்டும் தெறித்து மண்ணில் வீழ்ந்தால் மீண்டும் கிடைப்பது அரிது. நாக்கு எப்பக்கம் நோக்கியிருந்தது என்பதைத் தாளில் வரைந்துகொள்க. கைத்தொலைபேசியிற் படமெடுத்தாலும் போதும்.

தலை நிரந்தரமாக மூடப்பட்ட சாவியை உடைத்துத் திறத்தலாகாது. அதன் தலையை மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, இரு திசையிலும் பலமுறை சுழற்றி, அழுக்கு வெளிவந்த பின் வடியவிட்டு எண்ணெயிடுக.

சுத்தஞ் செய்தலும் கறள் நீக்கலும்

உறுப்புகளைத் தகரப் பேணியில் விட்ட மண்ணெண்ணெயில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பற்தூரிகையால் தேய்த்தல் வேண்டும். பற்களின் இடைவெளிகளிலும் வில் இருக்கும் குழியிலும் இறுகிய பழைய கிறீஸை ஈர்க்கினாற் சுரண்டி எடுக்கலாம். பெற்றோலைப் பயன்படுத்தலாகாது, அது எளிதில் தீப்பற்றும். மண்ணெண்ணெய் வேலையையும் அடுப்புக்கு அப்பால், காற்றோட்டமுள்ள வெளியிடத்திற் செய்க. கழிவு எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் கூடாது. குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது விரைவிற் குடிநீரைச் சென்றடையும்.

மேலாகப் படிந்த கறளை எண்ணெய் தோய்த்த உருக்குநாரினால் தேய்த்து நீக்கலாம். கடுங் கறளுள்ள முலாமில்லா உறுப்புகளை வினாகிரியில் ஓரிரவு வைத்துத் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த நீரிற் கழுவி, உடனே வெயிலில் உலர்த்தி எண்ணெய் பூசுதல் வேண்டும். வில்லையும் முலாம் பூசிய உறுப்புகளையும் வினாகிரியில் இடலாகாது.

பழுதும் திருத்தமும்

1. நாக்கு பதியாமல் வழுக்குதல்: பெரும்பாலும் இறுகிய கிறீஸ் காரணமாகும். சுத்தஞ் செய்த பின்னும் வழுக்கினால் வில் தளர்ந்திருக்கலாம். கனமும் நீளமும் ஒத்த புதிய வில்லை இடுக. பழைய வில்லை இழுத்து நீட்டுவது சில நாளுக்கே உதவும்.

2. நாக்கின் விளிம்பிற் பிசிர்: நுண்ணிய சாணைக்கல்லிற் பிசிரை மட்டும் நீக்குக. விளிம்பின் சாய்வை மாற்றினால் அது பல்லைப் பற்றாது. விளிம்பு உருண்டு தேய்ந்திருந்தால் நாக்கை மாற்றுவதே முறை.

3. பல் உடைதல்: பற்சில்லையும் நாக்கையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். பல்லை ஒட்டவைத்தலும், உறுப்புகளைத் தீயிற் காய்ச்சுதலும் கூடா; சூட்டினால் உருக்கின் கடினம் கெடும்.

4. தலையில் வெடிப்பு: அச்சாவியை விலக்கிவிடுக. திருத்தி எடுத்தாலும் அதனை நம்பலாகாது.

எண்ணெயிடலும் சோதித்தலும்

நன்குலர்ந்த உறுப்புகளில், பற்களின்மேலும் நாக்கின் பின்புறத்திலும் குண்டின் குழியிலும் இரண்டு மூன்று துளி இயந்திர எண்ணெய் போதுமானது. தடித்த கிறீஸை நிரப்புதல் பெருந் தவறாகும். அது நாக்கைப் பற்களிற் பதியவிடாது தடுக்கும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் பசையாகித் தூசியைப் பிடிக்குமாதலால் அதுவும் ஏற்றதன்று.

பொருத்திய பின்னர் சதுரமுனையை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றி ஒலியை எண்ணுக. 24 பற்களுள்ள சாவி 24 முறை ஒலித்தல் வேண்டும். ஓரிடத்தில் ஒலி தவறினால் அங்கே பல் உடைந்துள்ளது அல்லது அழுக்கு எஞ்சியுள்ளது. பின்னர் இறுகிய சுரையொன்றிற் பொருத்தி, இரு திசையிலும் பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதித்த பின்னரே வேலைக்கு எடுத்தல் வேண்டும்.

பேணுதல்

சேற்றில் உழுத இயந்திரத்தின் கத்திச் சுரைகள் கறளினால் இறுகியிருக்கும். அவற்றை முதலில் அசைப்பதற்கு நீண்ட பிடியுள்ள சாதாரண சாவியையே கொள்க. தளர்ந்த பின் ரச்சற்றைப் பயன்படுத்துக. ரச்சற்றின் பிடியிற் குழாய் செருகி நீட்டுவதும், சுத்தியலால் அடிப்பதும் நாக்கையும் பற்களையும் முறிக்கும். வேலை முடிந்ததும் சேற்றைத் துடைத்து, எண்ணெய்த் துணியிற் சுற்றி, உரமூடைக்கு அருகிலன்றி உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். உரத்தின் உப்புக் கறளை விரைவுபடுத்தும்.

காலபோகத்திற்கு முன் ஒரு முறையும் சிறுபோகத்திற்கு முன் ஒரு முறையும் சாவியைத் திறந்து பார்க்கும் கமக்காரர், இறைப்பு நாளில் அயலவரிடம் சாவி தேடி அலைய நேராது.