ஃபோமட் பண்ணுவதற்கு முன் பத்து நிமிடம்

பழைய கணினியை வைத்துக்கொண்டு கடை நடத்தும் வர்த்தகர்களுக்காகவே இவ்வாரக் கட்டுரை. நான் கணினிப் பொறியியலாளர் அல்ல. உங்களைப் போல் ஒரு வியாபாரி. நஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

2014ஆம் ஆண்டு எமது கடையில் விண்டோஸ் எக்ஸ்பீ கணினியொன்றும் டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரொன்றும் இருந்தன. பில் போடும் மென்பொருள் டொஸ் காலத்தது. ஒருநாள் காலையில் பிரிண்டர் அச்சிட மறுத்தது. திருத்த வந்த தம்பி, "வைரஸ் போல நானா, ஃபோமட் பண்ணிப் புது விண்டோஸ் போட்டுத் தாரன்" என்றார். "கணக்கெல்லாம்?" என்று கேட்டேன். "எல்லாத்தையும் கொப்பி பண்ணிட்டன்" என்றார்.

அவர் கொப்பி பண்ணியது 'மை டொக்கியூமன்ட்ஸ்' பகுதியை மட்டுமே. எமது கணக்கு இருந்ததோ 'சி' டிரைவில், மென்பொருளின் சொந்த ஃபோல்டருக்குள். வாடிக்கையாளர்களின் கடன் விபரம் முழுவதும் அழிந்தது. சிலர் தாமாகவே வந்து நிலுவையைச் சொல்லிக் கட்டினார்கள். சிலர், "போன மாசமே தந்துட்டேனே" என்றார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? என் கையில் ஆதாரம் இல்லை. பணத்தைவிட, பழகிய முகங்களைச் சந்தேகத்தோடு பார்க்க நேர்ந்ததுதான் பெரிய நஷ்டம்.

அத்தோடு முடியவில்லை. புதிதாகப் போட்டது 64 பிட் விண்டோஸ் 7. அதில் பழைய பில் மென்பொருள் திறக்கவே இல்லை. பிரிண்டரின் சீடியும் ஏறவில்லை. வேறொருவர் வந்து 32 பிட் விண்டோஸ் போட்டார். மென்பொருள் திறந்தது, பிரிண்டர் மட்டும் அசையவில்லை. கடைசியில் பிரிண்டர் கேபிளை மாற்றிப் பார்த்தார். உடனே அச்சிட்டது. ஆரம்பத்திலிருந்தே பழுது கேபிளில்தான்!

அன்று முதல் நான் பின்பற்றும் ஒழுங்கு இதுதான்:

1. கணக்கைக் காப்பாற்றுங்கள். மென்பொருள் தனது தரவுகளை எந்த ஃபோல்டரில் வைக்கிறது என்பதை அதைத் தந்தவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஃபோல்டரைப் பென் டிரைவில் கொப்பி செய்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத கொப்பியை நம்பாதீர்கள்.

2. கேபிளையும் கருவியையும் சோதியுங்கள். பல டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டர்களில் 'எல்.எஃப்' பட்டனை அழுத்திப் பிடித்தபடி பவர் போட்டால், கணினியின் உதவியின்றியே சோதனைப் பக்கமொன்று அச்சாகும். அது சரியாக வந்தால் பழுது பெரும்பாலும் கேபிளில் அல்லது டிரைவரில்.

3. திகதியைப் பாருங்கள். கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் திகதி பல வருடங்கள் பின்னால் போனால், மதர்போர்டிலுள்ள பட்டன் பற்றரி தேய்ந்திருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 வகை. திகதி பிழையானால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்காது. இணையத்திலிருந்து மென்பொருளை இறக்கி நிறுவுவதும் தடைப்படும்.

4. 32 பிட்டா, 64 பிட்டா? 'கம்பியூட்டர்' என்பதில் ரைட் கிளிக் செய்து 'புரொப்பர்டீஸ்' போனால் தெரியும். 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் டிரைவரே வேண்டும். சாதாரண 32 பிட் மென்பொருள்கள் அதில் பெரும்பாலும் ஓடும். டொஸ் காலத்து 16 பிட் மென்பொருள் ஓடாது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆகவே புதுக் கணினி வாங்குமுன் உங்கள் பில் மென்பொருள் அதில் ஓடுமா என்று கேளுங்கள்.

5. டிவைஸ் மெனேஜரைத் திறவுங்கள். மஞ்சள் நிற அடையாளம் உள்ள கருவியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். 'கோட் 28' என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை. 'கோட் 10' என்றால் கருவி இயங்கத் தொடங்கவில்லை. பழைய தராசு போன்றவற்றை இணைக்கும் யூஎஸ்பீ சீரியல் கேபிள்களில் புதிய டிரைவர் போட்டபின் 'கோட் 10' வருவதுண்டு. அப்போது 'ரோல் பேக் டிரைவர்' மூலம் பழையதற்குத் திரும்பிப் பாருங்கள். பெயர் தெரியாத கருவியாயின், 'டீடெயில்ஸ்' பகுதியில் 'ஹாட்வெயார் ஐடீ' இருக்கும். அந்த இலக்கத்தைக் கொண்டு தேடி, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். இலவசமாக எல்லா டிரைவரும் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் வேண்டாம்.

6. ஃபோமட் தவிர்க்க முடியாததாயின், நெட்வேர்க் டிரைவரை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் புது விண்டோஸ் இணையத்துக்குள் போகாமல் நிற்கலாம். மற்ற டிரைவர்களை எடுக்க வழியிருக்காது.

ஓர் எச்சரிக்கை. எக்ஸ்பீக்கான பாதுகாப்பு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 க்கானது 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு 2025 ஒக்டோபரிலும் முடிந்தன. பழைய கணினி பில் போடட்டும். ஆனால் எக்ஸ்பீ, விண்டோஸ் 7 கணினிகளை இணையத்திலிருந்து கழற்றி வையுங்கள். வங்கி வேலைகளை அவற்றில் செய்யாதீர்கள்.

திருத்த வருபவர் கெட்டவர் அல்ல. அவருக்கு அடுத்த கடைக்குப் போகும் அவசரம். உங்கள் கணக்கின் பெறுமதி உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த முறை ஒருவர் "ஃபோமட் பண்ணுவம்" என்றால், "பத்து நிமிசம் பொறுங்க தம்பி" என்று சொல்லி, முதலில் பென் டிரைவை எடுங்கள்.