பழைய மோட்டார் வண்டியின் அடிப்பாகம்: துப்புரவும் மறுபூச்சும்

மோட்டார் வண்டியை விலைக்கு வாங்க வருவோர் அதன் முகப்பையும் இருக்கைகளையும் பார்ப்பர். அவ்வண்டியின் எஞ்சிய ஆயுளை அறிய விரும்புவோர் அதன் அடியிலே படுத்துப் பார்ப்பர். இவ்வுண்மையை நாம் காசு கொடுத்தே கற்றோம். அக்கதையைப் பின்னர்க் கூறுவோம்.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களைச் சார்ந்த ஊர்களிலே பழைய வண்டிகள் இன்றும் ஓடுவதற்குக் காரணம் உண்டு. 1950களில் துரைமாரும் வைத்தியரும் தலைமைக் கிளாக்கரும் வாங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் வண்டிகள், 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதும், பேணிக் காக்கவேண்டிய சொத்துக்களாயின. 1977க்குப் பின்னர் புதிய வண்டிகள் வந்தபோதும் பழையவற்றை விட மனமில்லாதோர் பலர். ஆயின் இம்மாகாணத்து வானமும் மண்ணும் இரும்புக்குப் பகை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. றப்பர்த் தோட்டத்துச் செம்மண் சேறு சக்கரத்தால் எற்றுண்டு அடித்தகட்டின் மடிப்புக்களில் ஒட்டிக்கொண்டால், வெயில் எறித்தாலும் உள்ளே ஈரம் வற்றுவதில்லை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகியபோது நீரில் மூழ்கிய வண்டிகளின் உட்குழல்களிலே படிந்த வண்டலைச் சொல்லவேண்டியதில்லை.

கல்லூரி ஆய்வுகூடத்திலே மூன்று சோதனைக் குழாய்களில் ஆணிகளையிட்டு, நீரும் காற்றும் ஒருங்கே சேருமிடத்திலேயே கறள் பிடிக்கும் என்று கண்டதை அன்பர்கள் மறந்திரார். வண்டியின் அடிப்பாகத்தைப் பேணும் கலை முழுவதும் அந்த மூன்றாம் குழாயிலே அடங்கியுள்ளது.

இனி, அமைப்பு வேறுபாட்டை அறிதல் வேண்டும். 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்தது. 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதற்குத் தனியான சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுகளின் கீழுள்ள பெட்டிக் குழல்களும், குறுக்குக் கட்டும் ஒன்றாக இணைந்தே எலும்புக்கூடாகின்றன. ஆகவே அங்கே பிடிக்கும் கறள் தோலை அன்று, எலும்பையே தின்கின்றது.

கண்ணாடி நாரினாலான வண்டிகளின் நிலை வேறு. 1953இல் அமெரிக்காவின் பிளின்ற் நகரில் 300 மட்டுமே செய்யப்பட்ட செவ்றலே கோவெற் வண்டியின் உடல் முழுவதும் கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து வார்த்தது. அது உருக்குச் சட்டமொன்றின்மேல் அமர்த்தப்பட்டது. 1957இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த லோற்றஸ் எலைற் சட்டமுமின்றி நாருடலாலேயே பாரத்தைத் தாங்கியது. அயல்நாடான இந்தியாவிலே பெங்களூர்ச் சிபானி நிறுவனம் 1980களில் டொல்பின் என்ற நாருடல் வண்டியைச் செய்தது. நம்மவர்க்கு இப்பொருள் புதிதன்று. நோர்வே நாட்டார் உதவியுடன் காரைநகரில் எழுந்த சீ-நோர் தளத்திலே நார்ப்படகுகள் கட்டப்பட்டதைக் கண்டோர் நம்மிடையே பலர்.

நாருடல் கறள் பிடியாது என்பது மெய். அதனாலேயே உடையவர் ஏமாறுகின்றார். நாருக்கு அடியிலுள்ள உருக்குச் சட்டமும், நாரை அதனுடன் பிணைக்கும் ஆணிகளும், இடையிலே தேங்கும் ஈரத்தால் சத்தமின்றி அரிக்கப்படுகின்றன. மேலே பளபளப்பு மாறுவதில்லை.

நாம் ஏமாந்தது இவ்வாறே. அடிப்பாகம் முழுவதும் கரிய தார்ப்பூச்சுப் பூசிப் புதிதுபோல் மின்னிய மொறிஸ் மைனர் ஒன்றை வாங்கினோம். விற்றவர் பெயர் இங்கு வேண்டாம். றக்குவானை மலைச்சரிவில் இறங்கும்போது பின்புறத்தில் ‘படார்’ என்றொரு சத்தம்; வண்டி ஒருபுறம் சாய்ந்தது. தெய்வாதீனமாக வேகம் குறைவு, குழந்தைகளும் உடனிருந்தனர். இறங்கிப் பார்த்தால், வில்லுத் தகட்டைத் தாங்கும் பகுதி உடலிலிருந்து பிய்ந்து தொங்கியது. தார்ப்பூச்சைச் சுரண்டியபோது நாரும் பிசினும். அதன் பின்னே விரலால் நொறுக்கத்தக்க கறட்பொடி. இவ்வண்டியின் மட்கார்டுகள் ஆணியிட்டு மாட்டப்படுவன; பாரம் தாங்காதன. அவற்றை நாரினாற் செய்து மாட்டுவதில் ஆபத்தில்லை. பழைமையை நாடுவோர்க்குக் குறையாகத் தோன்றலாம், அவ்வளவே. பாரந்தாங்கும் இடத்திலே நாரொட்டி மூடுவதோ உயிரோடு விளையாடுவதாகும்.

துப்புரவை இவ்வாறு தொடங்குக. வண்டியை உயர்த்தியபின் ஜக்கியை மட்டும் நம்பி அடியிற் புகாது, நான்கு புறமும் தடித்த கட்டைகளை வைத்துக்கொள்க. பற்றறியின் இணைப்பைக் கழற்றுக. மைனரின் பெற்றோல் தாங்கி பின்புறத்து அடியிலேயே இருப்பதால் தீப்பொறி ஆகாது. முதலில் மரச்சீவலாலோ பிளாஸ்ரிக் தகட்டாலோ சேற்றை உலர்ந்தபடியே பெயர்க்கவேண்டும். எடுத்த எடுப்பில் அழுத்த நீரைப் பாய்ச்சினால் சேறு உட்குழல்களிற் சென்று அடைந்துகொள்ளும்.

இரத்தினபுரியில் இல்லம் அரிப்போர் கூடையின் அடியில் எஞ்சுவதைப் பாராமல் கொட்டுவதில்லை. நாமும் பெயர்த்த சேற்றைத் தாளிற் பரப்பிப் பார்த்தல் நலம். செதில் செதிலாகக் கறள் கலந்திருந்தால், அது விழுந்த இடத்துக்கு நேர்மேலே திருப்புளியின் பிடியால் தட்டுக. நல்ல தகடு கணீரென ஒலிக்கும். பழுதுற்றது மந்தமாக ஒலிக்கும். ஜக்கி வைக்கும் குழல், கதவடிப் பெட்டியின் இரு நுனிகள், வில்லுத்தகட்டுத் தாங்கிகள் ஆகியவற்றைக் கட்டாயம் தட்டவேண்டும்.

கிறீசும் எண்ணெயும் படிந்த இடங்களை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, உடனே சவர்க்கார நீரால் கழுவுக. இங்கே றப்பர்த் தோட்டத்தாருக்குச் சொல்லாமலே விளங்கவேண்டிய ஒன்றுண்டு: இயற்கை றப்பர் மண்ணெண்ணெயிலும் இயந்திர எண்ணெயிலும் ஊறி வீங்கிக் கெடும். ஆகவே றப்பர்ப் புஷ்களையும் பிறேக் குழாய்களையும் முன்னரே மூடிக் கட்டுதல் வேண்டும். பாவித்த எஞ்சின் எண்ணெயை அடியெங்கும் தெளிக்கும் வழக்கமும் இக்காரணத்தாலேயே தவிர்க்கத்தக்கது. நிலத்தில் வடிந்து கிணற்றைக் கெடுக்கும் என்பது வேறு. மைனரின் பிறேக் முதன்மை உருளை சாரதியின் தரைக்கு அடியிலே உள்ளது. அதன் மூடியைச் சூழ்ந்த மண்ணை அகற்றாமல் திறப்பவன் பிறேக்கினுள்ளே மண்ணை இடுகின்றான்.

நாருடலாயின் கம்பித் தூரிகை, மணல் வீச்சு, வர்ணம் உரிக்கும் காரமான திராவகம் ஆகிய மூன்றும் விலக்கு. இவை பிசினை அரித்து நாரை வெளிப்படுத்தும்; வெளிப்பட்ட நார்வழியே நீர் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் உள்ளே ஏறும். மென்தூரிகையும் சவர்க்கார நீரும் பொறுமையும் போதும். நாரைத் தேய்க்க நேர்ந்தால், ஈரமாக்கித் தேய்த்து, மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்துக்கொள்க. அத்தூசி நுரையீரலுக்கு ஆகாது.

மறுபூச்சுக்கு முன் பழைய பூச்சு யாதென அறிதல் இன்றியமையாதது. பெற்றோல் தாங்கியை இறக்கிய இடத்திலும், பிடிதகடுகளின் பின்னும் தொழிற்சாலையில் இட்ட வர்ணம் ஒரு திட்டேனும் எஞ்சியிருக்கும். அதனைத் தேய்க்காமல் படம் பிடித்து, நிறத்தைக் குறித்து வைக்கவேண்டும். தொழிற்சாலையிலே அடிப்பாகத்தை எவரும் அழகுபார்த்துப் பூசவில்லை. கோவெற் போன்ற வண்டிகளில் உடலுக்கு வர்ணம் தெளித்தபோது பறந்த துகள்கள் விளிம்புகளில் படிந்தபடியே விடப்பட்டன. அதனைக் கண்ணாடிபோல் மின்னச் செய்வது பழைமையைப் பேணுவதன்று, புதுமையைத் திணிப்பதே. கரிய தாரை எங்கும் அப்புவதை நாம் இருமடங்கு வெறுக்கின்றோம்: அது பழைய அடையாளத்தையும் மறைக்கின்றது, கறளையும் மறைக்கின்றது. காய்ந்து வெடித்தபின் வெடிப்பினுள் நீரைப் பிடித்தும் வைக்கின்றது.

உருக்குப் பகுதியிற் கறளைக் கம்பித் தூரிகையாலும் அரத்தாளாலும் நீக்கி, எஞ்சியதற்குப் பொசுபோரிக் அமிலக் கரைசலைத் தடவினால் அது இரும்புப் பொசுபேற்றாக மாறி இறுகும். அமிலத்தைக் கழுவி, நன்றாக உலர்த்தி, அன்றே நாகப் பொசுபேற்று முதற்பூச்சை இடவேண்டும். முற்காலத்துச் சிவப்பு ஈயப் பூச்சு நஞ்சு. அதன்மேல் குறித்துவைத்த நிறம். பெட்டிக் குழல்களின் உள்ளே, இறுகாத மெழுகுக் கலவையைத் துளைவழியே செலுத்துக. நீர் வடியும் துளைகளை மட்டும் மறவாது திறந்து விடுக. துளைத்துப்போன தகட்டை வெட்டி அகற்றிப் புதுத்தகடு ஒட்டவைப்பதே முறை. நம் நாட்டின் தென்பகுதியிலே 1990களில் தொடங்கிய தொழிற்சாலையொன்று, பாத் நகரத்துச் சார்ல்ஸ் வெயரின் கூட்டுடன் மைனர்த் தகடுகளைக் கையாற் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பியது. ஆதலின் வேலை தெரிந்த கைகள் இங்கில்லை என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

இவ்வேலைக்குத் தை, மாசி மாதங்களே தக்கவை. கழுவியபின் முன்சக்கரங்களைத் திருப்பும் மரைமுளைகளுக்கு மறவாமல் புதுக் கிறீஸ் ஏற்றுக. மைனரில் அவை உலர்ந்து தேய்ந்தால் சக்கரமே மடிந்து விழும். மே மாதத்து மழைக்கு முன் பூச்சு இறுகிவிடும். மழை ஓய்ந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழஞ்சாக்கொன்றை விரித்து மீண்டும் அடியிலே படுத்துப் பார்த்தல் வேண்டும்.