தங்கச்சி ஜியாலஜி படிக்கப் போறாளா? 3 வருஷத்துக்கு இல்ல, 6 வருஷத்துக்கு பட்ஜெட் போடுங்க

வேலைக்குப் போய் மூணு நாலு வருஷம் ஆன பலர் அடிக்கடி கேட்கிற கேள்வி இது: "சார், தங்கச்சி பிளஸ் டூ முடிக்கிறா. பி.எஸ்சி ஜியாலஜி சேரணும்னு சொல்றா. அரசு கல்லூரிதான், ஃபீஸ் கம்மி. மூணு வருஷம் நான் பார்த்துக்கலாம்ல?"

பார்த்துக்கலாம். ஆனா அந்த "மூணு வருஷம்"கிற கணக்குதான் தப்பு. ஏன்னு பார்ப்போம்.

முதல்ல பெயர்க் குழப்பம்

ஜியாகிரபி வேற, ஜியாலஜி வேற. பள்ளிப் பாடத்துல புவியியல்னா ஜியாகிரபி. ஜியாலஜியை நிலவியல், புவியமைப்பியல்னு சொல்வாங்க. ஆனா நம்ம மாநிலத்துல 'டிபார்ட்மெண்ட் ஆஃப் ஜியாலஜி அண்ட் மைனிங்'கோட தமிழ்ப் பெயர் 'புவியியல் மற்றும் சுரங்கத் துறை'! இதை நம்பி ஜியாகிரபியில சேர்ந்துட்டு, பின்னாடி ஜியாலஜிஸ்ட் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பத்துல ஆங்கிலப் பெயரைப் பார்த்து டிக் பண்ணுங்க.

பி.எஸ்சி சேர என்ன வேணும்?

சென்னை மாநிலக் கல்லூரி, திருச்சி நேஷனல் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி மாதிரி இடங்கள்ல ஜியாலஜி இருக்கு. பிளஸ் டூ-வில் அறிவியல் குரூப் எடுத்தவங்களுக்கு இது எட்டக்கூடிய படிப்புதான். எந்தெந்த பாடம் கட்டாயம்னு கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும்.

இங்க ஒரு முக்கியமான விஷயம்: கணிதம். பி.எஸ்சி சேர கணிதம் இல்லாமலே வழி கிடைக்கலாம். ஆனா பின்னாடி ஐஐடி-களில் எம்.எஸ்சி சேர 'ஜாம்' தேர்வு எழுதும்போது, சில படிப்புகளுக்கு பிளஸ் டூ-வில் கணிதம் இருக்கணும்னு கேட்பாங்க. டிகிரியில் ஜியாலஜியோட கூட இயற்பியல், வேதியியல், கணிதம் மாதிரி துணைப் பாடங்களும் பார்ப்பாங்க. அதனால பத்தாம் வகுப்பு முடிக்கிற தம்பி தங்கச்சி இருந்தா, கணிதம் உள்ள குரூப்பே பாதுகாப்பு. கல்லூரியில் துணைப் பாடம் தேர்வு செய்யும்போதும் "ஈசியா இருக்கு"ன்னு எடுக்காதீங்க. நாளைக்கு எந்த எம்.எஸ்சி வேணுமோ, அந்த அறிவிப்பை இன்னைக்கே படிங்க.

ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி, தன்பாத் ஐஎஸ்எம் மாதிரி இடங்கள்ல 5 வருஷ ஒருங்கிணைந்த படிப்பில் நேரா சேர்ற வழியும் உண்டு. அதுக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் மூணும் கட்டாயம்.

பி.எஸ்சி கதவு மட்டும்தான்

இப்ப விஷயத்துக்கு வருவோம். ஜியாலஜிஸ்ட் வேலைகளோட தகுதியைப் பாருங்க.

• 1851-ல் தொடங்கப்பட்ட ஜியாலஜிகல் சர்வே ஆஃப் இந்தியாவுக்கு யுபிஎஸ்சி நடத்தும் கம்பைன்ட் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு: முதுகலைப் பட்டம் வேணும். பொதுப் பிரிவுக்கு வயது 21 முதல் 32 வரை. சம்பளம் லெவல் 10, ஏழாவது ஊதியக் குழுப்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.56,100.
• மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஹைட்ரோ ஜியாலஜி பணி, இதே தேர்வு வழியா: முதுகலை.
• டிஎன்பிஎஸ்சி உதவி ஜியாலஜிஸ்ட்: முதுகலை.
• ஓஎன்ஜிசி ஜியாலஜிஸ்ட்: முதுகலை.

ஒரு வரியில சொன்னா, இன்ஜினியரிங்ல பி.இ. முடிச்சா அந்தத் தொழில்ல நுழையலாம். ஜியாலஜியில பி.எஸ்சி என்பது பாதி தூரம்தான்.

பி.எஸ்சி மட்டும் வச்சு எதுவுமே இல்லையான்னா, இருக்கு. எந்த டிகிரியும் போதும்கிற குரூப் தேர்வுகள், சிவில் சர்வீசஸ் எல்லாம் எழுதலாம். இந்திய வனப் பணித் தேர்வுக்குத் தகுதியான பாடங்களோட பட்டியலில் ஜியாலஜியும் இருக்கு. ஆனா ஜியாலஜிஸ்ட்னு பெயர்ப் பலகை வேணும்னா எம்.எஸ்சி இல்லாம நடக்காது.

ஜியோபிசிக்ஸ் பக்கம் ஆர்வம்னா இன்னொரு பாதை: பி.எஸ்சி இயற்பியல், பிறகு எம்.எஸ்சி இயற்பியல் அல்லது ஜியோபிசிக்ஸ். யுபிஎஸ்சி-யின் ஜியோபிசிசிஸ்ட் பதவிக்கு எம்.எஸ்சி இயற்பியலும் ஏற்கப்படுது.

சரி, காசு கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். இதெல்லாம் நான் வச்சுக்கிட்ட எண்கள். உங்க ஊர், உங்க கல்லூரிக்கு ஏத்த மாதிரி மாத்திக்கோங்க.

• பி.எஸ்சி 3 வருஷம், ஃபீஸ் + ஹாஸ்டல் வருஷத்துக்கு 90,000: ரூ.2,70,000
• எம்.எஸ்சி 2 வருஷம், வருஷத்துக்கு 1,40,000: ரூ.2,80,000
• களப்பயணம், உபகரணம் 5 வருஷம், வருஷத்துக்கு 10,000: ரூ.50,000
• தேர்வுக்குத் தயாராகும் 1 வருஷம்: ரூ.1,00,000
• மொத்தம்: ரூ.7,00,000

களப்பயணத்தை யாரும் கணக்குல சேர்க்க மாட்டாங்க. ஜியாலஜியில அது சுற்றுலா இல்ல, பாடம். அரியலூர்ல புதைபடிவம், சேலத்துல மாக்னசைட்னு நேர்ல போய்ப் பார்த்துதான் படிக்கணும்.

இப்ப கவனிங்க. மூணு வருஷம்னு நினைச்சவர் ரூ.3,00,000 போட்டிருப்பார். 36 மாசத்துல பிரிச்சா மாசம் சுமார் ரூ.8,330. ஆறு வருஷம்னா ரூ.7,00,000, 72 மாசம், மாசம் சுமார் ரூ.9,720. மாசத் தொகை பெருசா மாறல. மாறுறது காலம். இப்ப உங்களுக்கு 26 வயசுன்னா இந்தப் பொறுப்பு 32 வரைக்கும் வரும். நடுவுல உங்க கல்யாணம், வீட்டுக் கடன் எல்லாம் வரும். நாலாவது வருஷம் "இனி என்னால முடியாது"ன்னு நீங்க கையை விரிச்சா, அவ கையில பாதி டிகிரிதான் இருக்கும்.

இன்னொண்ணு: புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ரூ.1,000 வாங்கினா, அது இளநிலைப் படிப்போட நின்னுடும். செலவு ஏறுற எம்.எஸ்சி நேரத்துல அந்த உதவி இருக்காது.

கல்விக் கடன் யார் பேர்ல?

எம்.எஸ்சி-க்கு மட்டும் ரூ.2,80,000 கடன், ரெண்டு தவணையா ஒவ்வொரு வருஷ ஆரம்பத்துலயும், 10% வட்டின்னு வைப்போம். படிக்கிற 2 வருஷமும் அதுக்கு அடுத்த 1 வருஷமும் இஎம்ஐ இல்ல. சாதாரண வட்டி மட்டும் ஏறும். மொத்த வட்டி ரூ.70,000. அப்போ ரூ.3,50,000-க்கு 5 வருஷ இஎம்ஐ மாசம் சுமார் ரூ.7,440. படிக்கும்போதே வட்டியை மட்டும், முதல் வருஷம் மாசம் ரூ.1,167, பிறகு ரூ.2,333 கட்டிட்டா அந்த 70,000 அசலோட சேராது.

இங்கதான் நிறைய அண்ணன்கள் ஏமாறுறாங்க. கல்விக் கடன் வட்டிக்கான 80இ கழிவு உங்களுக்கும், மனைவி அல்லது கணவருக்கும், பிள்ளைகளுக்கும், நீங்க சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்கும்தான். தம்பி தங்கச்சி அந்தப் பட்டியல்லயே இல்ல. நீங்க கடன் வாங்கி நீங்களே கட்டினாலும் கழிவு கிடையாது. கல்லூரி ஃபீசுக்கான 80சி-யும் சொந்தப் பிள்ளைகளுக்கு மட்டும்தான்.

அதனால கடனைத் தங்கச்சி பேர்ல எடுங்க. நாளைக்கு அவ வேலைக்குப் போய், பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்து, தன் வருமானத்துல வட்டி கட்டும்போது, கட்ட ஆரம்பிச்ச வருஷத்துல இருந்து 8 வருஷம் வரை முழு வட்டியையும் கழிச்சுக்கலாம். புதிய வரி முறையில் இந்தக் கழிவு இல்ல.

நீங்க இணை விண்ணப்பதாரரா கையெழுத்துப் போட்டா அந்தக் கடன் உங்க சிபில்லயும் ஏறும். நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கும்போது இதையும் சேர்த்துதான் பார்ப்பாங்க. தெரிஞ்சே போடுங்க.

நல்ல செய்தியும் ஒண்ணு: அவளுக்கு நீங்க நேரா அனுப்புற பணத்துக்கு அவ கையில வரி கிடையாது. உடன்பிறந்தவங்க 'உறவினர்' வரையறைக்குள்ள வர்றாங்க.

சேர்க்கைக்கு முன்னாடி செய்ய வேண்டியவை

1. தங்கச்சியோட உட்கார்ந்து கேளுங்க: ஜியாலஜிஸ்டா, இல்ல டிகிரி முடிச்சுட்டு குரூப் தேர்வா? பட்ஜெட் இதைப் பொறுத்துதான்.
2. போன வருஷ யுபிஎஸ்சி, ஜாம் அறிவிப்புகள்ல தகுதிப் பகுதியை ரெண்டு பேரும் சேர்ந்து படிங்க.
3. இன்னைக்கே ஒரு ஆர்டி ஆரம்பிச்சு அதுக்கு 'எம்.எஸ்சி'ன்னு பேர் வைங்க. மூணு வருஷம் மாசம் ரூ.3,000 போட்டாலே ரூ.1,08,000, வட்டி தனி.
4. ஆறு வருஷத்துல உங்க பங்கு எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு வீட்ல எல்லாருக்கும் தெரியுற மாதிரி ஒரு தாளில் எழுதி வைங்க.

படிப்பு நல்ல படிப்புதான். நிலத்தடி நீர், கனிமம், நிலச்சரிவுன்னு எங்க பார்த்தாலும் இதுக்குத் தேவை இருக்கு. ஆரம்பிச்சு வைக்கிறதோட நிறுத்தாம, எம்.எஸ்சி வரைக்கும் கூட நிக்கிற மாதிரி பணத்தைத் திட்டமிடுங்க.