டி.என்.ஏ. இழையைப் புரதங்கள் வளைப்பது எங்ஙனம்?

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை, பெரும் உருளைகளில் சுற்றப்பட்ட எஃகு வடங்களே அங்கு கூண்டுகளை ஏற்றி இறக்கின. மனித உயிரணுவின் நுண்ணிய உட்கருவிலும் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை உருளைகளின் மேல் சுற்றப்பட்டே அடங்கியுள்ளது. வடத்தைச் சுற்ற இயந்திரம் இருந்தது. இழையைச் சுற்றுவது யாது?

இழையின் இரு புரிகளிலும் அமைந்த பாஸ்பேட்டுத் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் உடையவை. ஓரின மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்குவதால் இழை எளிதில் வளைவதில்லை. ஹிஸ்டோன் என்னும் புரதங்களிலோ நேர்மின்னேற்றமுள்ள லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்கள் மிகுதி. அவை இழையின் ஒரு பக்கத்தை அடைந்து, அங்குள்ள விலக்கத்தைத் தணிக்கின்றன. மறுபக்கத்து விலக்கம் குறையாதிருத்தலால் இழை புரதத்தை நோக்கி வளைகிறது. இவ்வாறு, எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளையை 147 காரச் சோடிகள் ஏறத்தாழ 1.7 முறை சுற்றுகின்றன.

1994இல் ஸ்ட்ராஸ், மேஹர் என்னும் ஆய்வாளர் இருவர், புரதம் ஏதுமின்றியே, இழையின் ஒரு பக்கத்துப் பாஸ்பேட்டுகள் சிலவற்றை மின்னேற்றமற்றனவாக மாற்றினர். இழை அப்பக்கமே வளைந்தது. ஆகவே, வளைக்கும் விசையில் ஒரு பகுதி இழையிலேயே உள்ளது. புரதம் அதற்கு வழிவிடுகிறது.

ஹிஸ்டோனின் லைசினில் அசெட்டைல் தொகுதி சேர்ந்தால் நேர்மின்னேற்றம் நீங்கும், பிடி தளரும், அங்குள்ள மரபுச் செய்தியைப் படித்தல் எளிதாகும்.