போன வண்டி திரும்பி வரும்

தம்பிக்கு,

டிப்ளமோ முடித்த கையோடு விழுப்புரம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓராண்டுப் பயிற்சிக்கு உனக்கு ஆணை வந்திருப்பதாக உன் அப்பா சொன்னார். "எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு வருஷத்தை விடணுமா?" என்றும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரகடம் பக்கம் ஒப்பந்த வேலைக்குப் போன உன் கூட்டாளிகள் அதைவிடக் கூடுதலாக வாங்குகிறார்கள். டீக்கடை வாசலில் நின்று பதில் சொல்கிற விஷயமல்ல இது. உன்னைப் போல இந்த ஆண்டு பணிமனைக்குள் கால் வைக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகையில் எழுதுகிறேன்.

முதலில் நீ கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தை ஒருமுறை ஒழுங்காகப் படி. உன்னை உள்ளே கொண்டுவருவது 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம். பட்டதாரிகளும் டிப்ளமோக்காரர்களும் அதற்குள் வந்தது 1973 திருத்தத்துக்குப் பிறகுதான். 2019இல் திருத்திய விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையாக டிப்ளமோவுக்கு மாதம் 8,000 ரூபாயும் பட்டதாரிக்கு 9,000 ரூபாயும் வைத்தன. அந்தக் குறைந்தபட்சத்தில் பாதியை மத்திய அரசு கொடுக்கிறது. முடிவில் சான்றிதழ் தரப்போவது தரமணியில் இருக்கிற தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்.

சட்டத்தின் கணக்கில் நீ தொழிலாளி இல்லை, பயிற்சியாளன். ஆகவே வருஷம் முடிந்ததும் வேலை கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் கழகத்துக்கு இல்லை. இதை உன் அப்பாவுக்கு இப்போதே சொல்லிவிடு, கடைசி மாதத்தில் சொல்லாதே. அதே சட்டம் உன் பக்கமும் சிலதைப் பேசுகிறது. பயிற்சி ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் உன்னை ஓவர்டைம் பார்க்கச் சொல்ல முடியாது. தொழிற்சாலைகளுக்கான பாதுகாப்பு விதிகள் உனக்கும் உண்டு. வேலையில் அடிபட்டால் இழப்பீடு கொடுக்கவேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. தெரிந்து வைத்துக்கொள். அதற்காக தினம் இரண்டு வேளை ஷரத்து எண் சொல்லிக்கொண்டு திரியாதே, ஒருத்தரும் உனக்கு வேலை சொல்லித்தர மாட்டார்கள்.

ஆரம்ப வாரங்களில் டார்ச் பிடிப்பாய், ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாய், டீ வாங்கப் போவாய். அதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் பிரேக்கின் ஸ்லாக் அட்ஜஸ்டரில் கை வைத்திருக்கும் நேரத்தில் டீக்கு அனுப்பினால், "இதோ முடிஞ்சதும் போறேண்ணே" என்று அங்கேயே நில். டீ ஐந்து நிமிஷம் தாமதமாக வந்ததற்காக எந்த மெக்கானிக்கும் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. பையன் வேலையைப் பார்க்க நிற்கிறான் என்று தெரிந்தால் அவர்களாகவே பேச ஆரம்பிப்பார்கள்.

காலேஜில் நீ எழுதிய பேப்பர் போனது போனதுதான், மார்க்கு மட்டும்தான் வரும். பணிமனையில் காலையில் அனுப்பிய வண்டி ராத்திரி திரும்பி வரும். நீ பார்த்த வேலை சரியா தப்பா என்று அந்த வண்டியே சொல்லும். பயிற்சிக்கு வருகிற பலர் இதைக் கவனிப்பதில்லை. இன்று இந்த வண்டி, நாளை வேறு வண்டி என்று போய்விடுகிறார்கள். நீ ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போ.

நான் வேலை பழகிய காலத்தில் ஒரு வண்டி. பின்பக்கம் இடது டிரம் சூடாகிறது என்று புகார். லைனிங் மாற்றி அனுப்பினார்கள், சில நாளில் அதே புகாரோடு வந்தது. ரிட்டர்ன் ஸ்பிரிங் மாற்றினார்கள். மறுபடியும் வந்தது. அங்கே மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார், அதிகம் பேசமாட்டார். அவர் எதையும் கழற்றவில்லை. ஒரு பையனை சீட்டில் ஏறி பிரேக்கை மிதித்து மிதித்து விடச் சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு பிட்டுக்குள் இறங்கினார். காலை எடுத்ததும் வலது பக்கத்து புஷ் ராடு டக்கென்று உள்ளே போனது. இடது பக்கத்து ராடு யோசித்து யோசித்துப் போனது. கேம் ஷாஃப்ட் புஷ்ஷில் கிரீஸே இல்லை. "வாராவாரம் அடிக்கிறனே" என்றார் கிரீஸ் அடிப்பவர். மூத்தவர் அடித்துக் காட்டச் சொன்னார். கன்னை வைத்து அழுத்தியதும் கிரீஸ் நிப்பிளைச் சுற்றிப் பிதுங்கி வெளியே வழிந்தது, உள்ளே பொட்டுக்கூடப் போகவில்லை. நிப்பிள் வாயில் சேறு இறுகி, அதன்மேல் எஃப்.சி.க்கு அடித்த பெயின்டும் காய்ந்து கிடந்தது.

லைனிங்கும் போச்சு, ஸ்பிரிங்கும் போச்சு, கோளாறு சில ரூபாய் பெறும் நிப்பிளில். கிரீஸ் அடித்தவர் பொய் சொல்லவில்லை, லைனிங் மாற்றியவரும் வேலையைக் கெடுக்கவில்லை. புகாருக்கு ஏற்ற பாகத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான். ஏன் சூடாகிறது என்று மூன்றாம் முறைதான் ஒருத்தர் கேட்டார்.

டிரைவரிடம் பேசு. லாக் ஷீட்டில் "பிரேக் செக்" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விடுவார், நாள் முழுக்க ஓட்டிய களைப்பு. போவதற்கு முன்னால் பிடித்துக் கேட்டால் மீதியைச் சொல்வார்: "காலையில நல்லா இருந்துச்சு, செஞ்சி தாண்டினதும்தான் இடப்பக்கம் இழுக்குது", "மேட்டுல மூணாவது கியர் விழல." காலையில் சரியாக இருந்து சூடேறிய பிறகு வருகிற கோளாறு வேறு, எந்நேரமும் இருக்கிற கோளாறு வேறு. அவர் வாயால் சொல்லும் அந்த ஒரு வரியில் உன் தேடல் பாதி முடிந்துவிடும்.

நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று 1992 தொழிற்பழகுநர் விதிகளே சொல்கின்றன. போன பேட்ச் பையனின் நோட்டைப் பார்த்துக் காப்பி அடிக்கும் வழக்கமும் எல்லா இடத்திலும் உண்டு. அதிகாரிக்குக் காட்டும் நோட்டை எப்படியாவது எழுது, அதைப்பற்றி நான் பேசவரவில்லை. சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று தனியாக வை. வண்டி எண், ஓடிய கிலோமீட்டர், டிரைவர் சொன்னதை அவர் வாயால் சொன்னபடியே, நீ கண்ணால் பார்த்தது, செய்த வேலை. அதற்குக் கீழே இரண்டு வரி காலியாக விடு. வண்டி அதே புகாரோடு திரும்பினால் அந்த இடத்தில் எழுது. வராவிட்டாலும் தேதி போட்டு எழுது.

நீ மேல்மலையனூர்க்காரன். அங்காளம்மனின் அமாவாசை ஊஞ்சல் உற்சவத்தைக் கோயில் பக்கம் நின்றே பார்த்து வளர்ந்தவன். இனி பணிமனைப் பக்கம் நின்று பார். பல ஊர்களிலிருந்து சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். படிக்கட்டு வரை சனம், நெரிசலில் அரை கிளட்ச்சிலேயே நகர்ந்து நகர்ந்து ஊருக்குள் வந்து, நடுராத்திரிக்கு மேல் அதே கூட்டத்தோடு திரும்பும். மறுநாள் காலையில் அந்த வண்டிகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போ: கிளட்ச் பிளேட் கருகிய வாடை, மடங்கிய ஃபுட்போர்டு, கீல் பிடுங்கிய கதவு, உட்கார்ந்துபோன ஸ்பிரிங் பட்டை. சாதாரண நாளில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும் பலவீனத்தை ஒரே இரவுப் பாரம் வெளியே கொண்டுவந்துவிடும். மாசி மயானக்கொள்ளைக்கும் தேருக்கும் கேட்கவே வேண்டாம். அந்த நாட்களில் லீவு போட்டுக்கொண்டு ஊருக்கு வரத் தோன்றும். அன்றைக்கு சாமி கும்பிட வந்தால் வா, மறுநாள் காலை பணிமனையில் இரு.

புது வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை பி.எஸ்.6. டீசலோடு தனி டேங்கில் யூரியாக் கரைசலும் பார்க்கவேண்டும், ஸ்கேனர் செருகினால் கோளாறு எண் வரும். இளம்பிள்ளைகளுக்கு இது சுலபமாக வருகிறது, மூத்தவர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். அதை வைத்து அவர்களிடம் மிதப்பாகப் பேசாதே. சென்சார் எதைப் பார்த்தது என்பதை எண் சொல்லும், அது ஏன் நடந்தது என்று சொல்லாது. வயர் உரசிப்போய்த் தகவல் தப்பாக வந்தாலும் எண் வரத்தான் செய்யும். ஸ்கேனரை நீ சொல்லிக்கொடு, புஷ் ராடைப் பார்க்க அவர்களிடம் கற்றுக்கொள். சென்னையில் 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. அவற்றில் கிளட்ச் இல்லை, இன்ஜெக்டர் இல்லை. பிரேக்கும் சக்கரமும் ஸ்டியரிங்கும் இருக்கின்றன.

பத்திரம் பற்றி உன் அம்மா சொல்லாததை மட்டும் சொல்கிறேன். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே, ஸ்டாண்டு போட்ட பிறகு போ. ஸ்பிரிங் பிரேக் சேம்பரின் கிளாம்பை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை போல்ட்டு போட்டு அடக்காமல் ஒருக்காலும் கழற்றாதே. அது சீறி வந்தால் ஆளை முடித்துவிடும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதே, விரிசல் விடும். கையில் அம்மன் கோயில் கயிறு கட்டியிருப்பாய். இன்ஜின் ஓடும்போது ஃபேன் பெல்ட் பக்கம் போகிறாய் என்றால் அதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள். அங்காளம்மன் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வருஷம் முடிந்து சான்றிதழோடு ஓசூர், ஒரகடம், எண்ணூர் என்று ஏறி இறங்குவாய். "ஒரு வருஷம் என்ன பண்ணே?" என்பார்கள். "பிரேக் செக்ஷன்ல இருந்தேன் சார்" என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் பதில். கேட்டவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார். நீ ஒரு வண்டியைச் சொல்லு. என்ன புகாரோடு வந்தது, முதலில் எதைச் சந்தேகப்பட்டீர்கள், அது ஏன் இல்லை என்று ஆனது, கடைசியில் எங்கே இருந்தது என்று சொல்லு. தொழில் தெரிந்தவராக இருந்தால் இடையில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்பார். கேட்கட்டும், சின்ன நோட்டு கையில் இருக்கும்.

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது அந்த நோட்டை எடுத்து வா. திரும்பி வந்த வண்டிகளின் பக்கங்களை மட்டும் நான் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
உன் அப்பாவின் பழைய கூட்டாளி