மலைகளுக்கு நடுவே ஓர் அடிவானம்

துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை. தேனிக்கு அது 10 பாகை.

இதை அளக்கச் சோழமண்டலக் கரையின் மாலுமிகள் 'இராப்பலகை' என்ற மரப்பலகையை வைத்திருந்தனர். அதன் கயிற்றில் இட்ட முடிச்சுகள் துறைமுகங்களைக் குறித்தன. ஆனால் ஆடும் கப்பலில் பலகையின் கீழ் விளிம்பை அடிவானத்திலும், மேல் விளிம்பை நட்சத்திரத்திலும் ஒரே சமயத்தில் பொருத்துவது எளிதா?

1731-ல் ஆங்கிலேயரான ஜான் ஹாட்லி இதற்கு ஒரு வழி கண்டார். அவருடைய கருவியே ஆக்டன்ட். பிற்காலத்தில் கருங்காலி மரச் சட்டமும் பித்தளைக் கையும் கொண்டு இது செய்யப்பட்டது. கையோடு சேர்ந்து ஒரு கண்ணாடி திரும்பும். நட்சத்திரத்தின் ஒளி அதில் பட்டு, சட்டத்திலுள்ள மற்றொரு கண்ணாடிக்குச் சென்று, பிறகு கண்ணை அடையும். அந்த இரண்டாவது கண்ணாடியின் ஒரு பாதியில் ரசம் பூசியிருக்காது. அதன் வழியே அடிவானம் தெரியும். கையை நகர்த்தி நட்சத்திரத்தை அடிவானத்தின்மேல் இறக்கி வைக்கவேண்டியதுதான். கப்பல் ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும்!

ஆக்டன்டின் வில் வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 45 பாகை. ஆனால் அதில் 90 வரை குறித்திருக்கும். கண்ணாடி 1 பாகை திரும்பினால், எதிரொளிக்கும் கதிர் 2 பாகை திரும்புகிறது அல்லவா? அதுவே காரணம்.

சரி, இக்கருவியைத் தேனிக்குக் கொண்டு வருவோம். வடக்கே கொடைக்கானல் மலை அடிவானத்தை மறைக்கிறது. மலை முகடு 4 பாகை உயரத்தில் தெரிவதாகக் கொள்வோம். அதையே அடிவானமென்று எண்ணி அளந்தால் 6 பாகைதான் வரும். அது இலங்கையின் தென்முனைக்கு உரிய அட்சரேகை! 1 பாகைக்குச் சுமார் 111 கிலோமீட்டர். ஆகவே 440 கிலோமீட்டருக்கு மேல் பிழை.

இதற்கு நில அளவையாளர் கண்ட வழி, ஒரு தட்டில் பாதரசம். அசையாத திரவத்தின் பரப்பு எப்போதும் கிடைமட்டமாக இருக்கும். வானிலுள்ள நட்சத்திரம் 10 பாகை மேலே. தட்டில் தெரியும் அதன் பிம்பம் 10 பாகை கீழே. இடைப்பட்ட 20 பாகையை அளந்து பாதியாக்கினால் விடை கிடைத்துவிடும். அடிவானமே தேவையில்லை.

பாதரசம் நச்சுப்பொருள், நமக்கு அது வேண்டாம். பாகைமானியின் மையத்தில் நூல் கட்டி, ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். பாகைமானியின் நேர் விளிம்பு வழியே துருவ நட்சத்திரத்தைப் பாருங்கள். நூல் காட்டும் அளவுக்கும் 90-க்கும் உள்ள வேறுபாடே நட்சத்திரத்தின் உயரம். திரவத்தைக் கிடைமட்டமாக்கும் அதே புவியீர்ப்புதான் நூலையும் செங்குத்தாக நிறுத்துகிறது.

ஒரு கேள்வி: கம்பத்தின் அட்சரேகை ஏறத்தாழ 9¾ பாகை. தேனிக்கும் கம்பத்துக்கும் உள்ள இந்தக் கால் பாகை வேறுபாட்டை உங்கள் பாகைமானி காட்டுமா? அளந்து பாருங்கள்.