சுருளியுருக் கிருமிகளும் நோய் நிர்ணயமும்

பற்றீரியங்களைக் கோளவுரு, கோலுரு, சுருளியுரு என மூவகைப்படுத்துவர் என்பதை நாம் பாடசாலையிலேயே கற்றோம். இவற்றுள் சுருளியுருவானவை தொகையிற் சிலவேயாயினும் மனிதர்க்கு விளைக்கும் கேடு பெரிது. மேகநோயை விளைக்கும் திரெப்பொனீமா, மீள்காய்ச்சலை விளைக்கும் பொரேலியா, எலிக்காய்ச்சலை விளைக்கும் லெப்டோஸ்பைரா என்பன இவ்வினத்தன. நெல்வயலோடு இயைந்து வாழும் நம்மவர் முதலில் அறியவேண்டியது இறுதியிற் கூறியதேயாகும்.

1907ஆம் ஆண்டில் ஸ்டிம்சன் என்பார், மஞ்சட்காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரக இழையத்தை வெள்ளிச் சாயமூட்டி ஆராய்ந்தபோது, நுனி வளைந்த நுண்சுருள்களைக் கண்டார். அவை வினாக்குறியை ஒத்திருந்தமையால் அதற்கேற்ற பெயரையும் இட்டார். 1915இல் யப்பானியரான இனடா, இடோ ஆகியோர் நோயாளரின் குருதியைக் கினிப்பன்றிகளில் ஏற்றி ஆராய்ந்த பின்னரே இக்கிருமியே நோய்க்குக் காரணம் என்பது தெளிவாயிற்று.

இக்கிருமியின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மைக்கிரோன் மாத்திரமே. ஆதலின் கிராம் சாயமிட்டுச் சாதாரண நுணுக்குக்காட்டியில் நோக்கின் தென்படாது. இருட்புல நுணுக்குக்காட்டியிலேயே ஒளிரும் சுருளாய்ச் சுழன்றசையக் காணலாம். ஆயின் குருதியிலுள்ள புரத இழைகளும் அவ்வாறே தோன்றி மயக்குமாதலின், இக்காட்சி ஒன்றையே நம்பி நோயைத் துணிதல் தகாது. வளர்ப்பூடகத்திற் கிருமியை வளர்த்தெடுக்கவோ வாரங்கள் பல செல்லும்.

எனவே காலமறிந்து சோதித்தல் வேண்டும். முதல் வாரத்திற் கிருமி குருதியில் உலாவுமாதலின், அதன் மரபணுவைத் தேடும் பீ.சீ.ஆர். சோதனை பயன்தரும். பிறபொருளெதிரிகள் முதல் வாரத்தின் இறுதியளவிலேயே வெளிப்படத் தொடங்கும். இடைவெளிவிட்டுப் பெற்ற இரு குருதி மாதிரிகளில் அவற்றின் அளவு நான்கு மடங்கு உயர்ந்திருப்பின் நோய் உறுதியாகும். ஆகவே, மூன்றாம் நாட் சோதனையில் 'இல்லை' என வந்ததைக் கொண்டு நோயில்லை என மகிழ்தல் பேதைமை.

2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாக ஐயுறப்பட்டது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உயிர்களைப் பலிகொண்ட இனந்தெரியாக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலே எனப் பின்னர் அறியப்பட்டது. சோதனை முடிவு வருமுன்னரே சிறுநீரகமும் நுரையீரலும் பழுதுறக்கூடும்; பெனிசிலின், டொக்சிசைக்கிளின் முதலிய மருந்துகளோ தொடக்கத்திற் கொடுப்பின் பெரும்பயன் தருவன. ஆதலின், காய்ச்சலும் தசைநோவும் கண்சிவப்பும் கண்டவர், தாம் வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியதை வைத்தியர் வினவுமுன் தாமே கூறுவாராக. ஆய்வுகூடம் தரவியலாத அச்செய்தியே பலகால் நோய் நிர்ணயத்தின் முதற்படியாகும்.